இலை ஏன் பச்சை? செட்டிநாட்டு வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கோடை விடுமுறையில் பெரிய வீட்டுக்கு வந்து இறங்கும் பேரப்பிள்ளைகளும், அவர்களைக் கையில் பிடித்து அழைத்துவரும் ஆச்சிமார்களும், மாடியில் தொட்டி வைத்துச் செடி வளர்ப்பவர்களும் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். "இலை பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் பச்சையாகத் தெரிகிறது" என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். நானும் பல வகுப்புகளுக்கு அந்த வரியை அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான் என்பது பிற்பாடு புரிந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடன் பட்டுவிட்டதாகத் தோன்றியது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

இலை பச்சையாகத் தெரிவதற்கு அடிப்படைக் காரணம் என்ன?

வெண்மையாகத் தெரியும் சூரிய ஒளியில் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. நம் கண்ணுக்குப் புலப்படும் பகுதி ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளத்திலிருந்து 700 நானோமீட்டர் வரை நீள்கிறது. இலையின் செல்களுக்குள் பசுங்கணிகம் என்னும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. அவற்றின் சவ்வுகளில் பச்சையம் என்னும் நிறமி பதிந்திருக்கிறது. 1817-ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்த நிறமியைப் பிரித்தெடுத்துப் பெயர் சூட்டினார்கள். செடிகளில் இது ஏ, பி என்று இரண்டு வகையாக இருக்கிறது. ஏ வகை 430, 660 நானோமீட்டர் அளவில் உள்ள ஒளியையும், பி வகை 455, 640 நானோமீட்டர் அளவில் உள்ள ஒளியையும் வலுவாக உறிஞ்சுகின்றன. அதாவது இரண்டுமே நீலத்தையும் சிவப்பையும் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. இடைப்பட்ட பச்சைப் பகுதியில் அவற்றின் உறிஞ்சும் வலிமை மிகவும் குறைவு. ஆகவே இலையில் பட்டுத் திரும்பும் ஒளியிலும், இலையை ஊடுருவி மறுபக்கம் வரும் ஒளியிலும் பச்சையின் பங்கு ஓங்கி நிற்கிறது.

இதில் நம் கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. இலை சிறிதளவே பச்சையைக் கூடுதலாக வெளியே விட்டாலும் கண் அதைப் பெரிதாக எடுத்துக் காட்டிவிடும்.

அப்படியானால் பச்சை ஒளி செடிக்குப் பயன்படுவதே இல்லையா?

பயன்படுகிறது. முன்னுரையில் சொன்ன பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

பச்சையத்தைச் சாறாகப் பிழிந்து கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அளந்தால், பச்சை ஒளி பெரும்பாலும் தடையில்லாமல் கடந்து போவதைக் காணலாம். உயிருள்ள இலை அந்தக் குப்பியைப் போன்றது அன்று. இலையின் மேற்பகுதியில் நெருக்கமாக நிறுத்தி அடுக்கிய நீள செல்களும், அவற்றுக்குக் கீழே கடற்பஞ்சைப் போல இடைவெளி விட்டு அமைந்த செல்களும் இருக்கின்றன. அந்த இடைவெளிகளில் காற்று நிரம்பியிருக்கிறது. செல்லிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து செல்லுக்கும் மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி வளைந்தும் சிதறியும் திசை மாறியும் இலைக்குள்ளேயே பலமுறை அலைகிறது. ஒருமுறை கடக்கும்போது பிடிபடாத பச்சை ஒளி, பத்து முறை கடக்கும்போது எங்கேனும் ஒரு பசுங்கணிகத்தில் பிடிபட்டுவிடுகிறது. அதனால் பல செடிகளின் முற்றிய இலைகள் தம்மேல் விழும் பச்சை ஒளியில் 70 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிக்கொள்கின்றன. நீலத்திலும் சிவப்பிலும் அந்த அளவு 90 விழுக்காட்டை நெருங்கும். நாம் காணும் பச்சை முழுவதும் இந்த இடைவெளியிலிருந்து பிறப்பதே.

இன்னொன்றும் உண்டு. நீலமும் சிவப்பும் இலையின் மேலடுக்குகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. ஆழத்தில் இருக்கும் செல்களுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் பச்சைதான். நல்ல வெயிலில் மேலடுக்கு நிறைந்துவிட்ட பிறகு, கீழடுக்கை உழைக்க வைப்பது நாம் "வேண்டாத ஒளி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அந்தப் பச்சைதான்.

பிறகு ஏன் பாடத்தில் நீலத்தையும் சிவப்பையும் மட்டும் சொல்கிறார்கள்?

1882-இல் ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மன் செய்த அழகான சோதனையின் செல்வாக்கு அது. இழை போன்ற ஒரு பாசியின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த வண்ணப்பட்டையை விழச் செய்து, ஆக்ஸிஜனை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களை அந்த நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் குறைவாகவே இருந்தன. எந்த நிற ஒளியில் ஆக்ஸிஜன் அதிகம் உண்டாகிறது என்பதைக் அளக்கும் கருவி எதுவுமின்றி உயிர்களைக் கொண்டே அவர் காட்டிவிட்டார். ஆனால் அவர் எடுத்தது மெல்லிய பாசி இழை. அதற்குள் ஒளி அலைந்து திரிய இடமில்லை. அந்த முடிவை மா இலைக்கோ வாழை இலைக்கோ அப்படியே பொருத்தக் கூடாது.

இலை திருப்பி அனுப்பும் ஒளியில் பச்சைதானே அதிகம்?

கண்ணுக்குத் தெரிவதில் பச்சை அதிகம். மொத்தத்தில் பார்த்தால் இல்லை. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரில் ஏறத்தாழ பாதியை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தக் கதிர் ஒளிச்சேர்க்கைக்கு உதவாது, இலையைச் சூடாக்க மட்டுமே செய்யும் என்பதால் இது செடிக்கு நன்மையே. 1988-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ தொடங்கி நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் பயிர்ப் பரப்பை அடையாளம் காண்பது, சிவப்பு குறைந்தும் அகச்சிவப்பு மிகுந்தும் வரும் இந்த இலை முத்திரையை வைத்துத்தான்.

எங்கள் வீட்டு வண்ணக் கண்ணாடியை வைத்து இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். செட்டிநாட்டு வீடுகளைப் போல இதற்கு வசதியான ஆய்வுக்கூடம் வேறு இல்லை. பட்டாலையின் சன்னல்களுக்கு மேலே அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி பதித்த வீடாக இருந்தால், காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அந்தந்த நிறத்தில் ஒளித்திட்டுகள் கிடக்கும். ஒரு வெள்ளைத் தாளைச் சிவப்புத் திட்டில் விரித்து, அதன்மேல் ஒரு வெற்றிலையையும் ஒரு செம்பருத்திப் பூவையும் வையுங்கள். தாள் சிவக்கும், செம்பருத்தி தாளோடு தாளாக ஒன்றிப்போகும், வெற்றிலை கருத்து, கரித்துண்டை இலை வடிவத்தில் நறுக்கி வைத்தது போலத் தெரியும். இலை சிவப்பை விழுங்குகிறது, திருப்பித் தர அதனிடம் வேறு நிறம் இல்லை. அதே தாளைப் பச்சைத் திட்டுக்கு நகர்த்துங்கள். இப்போது வெற்றிலை தெளியும், செம்பருத்தி கருக்கும்.

பழைய வண்ணக் கண்ணாடி ஒரே நிறத்தை மட்டும் துல்லியமாக விடுவதில்லை. பச்சைக் கண்ணாடி சிறிது மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்தே விடும். ஆகவே முழுக் கறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். அறையின் மற்றச் சன்னல்களைச் சாத்திவிட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

உறிஞ்சிய ஒளியை வைத்துக்கொண்டு செடி என்ன செய்கிறது?

ஒரு பச்சைய மூலக்கூறு ஒளித்துகள் ஒன்றை உறிஞ்சினால், அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அந்த ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்கும், அதற்கு அடுத்ததற்கும் என்று கைமாறிப் போகிறது. நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் ஒரு கூட்டமாக இருந்து ஒளியைத் திரட்டி, நடுவிலுள்ள ஒரு வினைமையத்திடம் ஒப்படைக்கின்றன. கண்மாய்க்கு வரத்துக்கால்கள் நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒவ்வோர் ஓடையிலும் வருவது கொஞ்சம்தான் என்றாலும் மடையில் வந்து சேரும்போது அது வேலை செய்யும் அளவாகிவிடுகிறது. வினைமையத்தில் எலக்ட்ரான் உண்மையாகவே பிரிந்து வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யச் செடி தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தண்ணீர் பிளக்கும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை உணர, காரைக்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, நம் ஊரிலேயே இருக்கிறது. மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிப்பது மின்வேதியியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதற்கு மிகக் குறைந்த அளவாக 1.23 வோல்ட் தேவை. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை, கம்பியும் மின்கலமும் இல்லாமல், நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட ஒரு சிறு கொத்தை வைத்து, வேலியில் முளைத்த ஆவாரஞ்செடி சூரிய வெளிச்சத்தில் செய்துகொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கிறது.

பிரிந்த எலக்ட்ரான் சவ்வில் பல படிகள் இறங்கி, மறுபடியும் ஒரு வினைமையத்தில் ஒளியால் ஏற்றப்பட்டு, முடிவில் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு ஆற்றல் மூலக்கூறுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு வெளிவர இவ்வாறு குறைந்தது எட்டு ஒளித்துகள்கள் செலவாகின்றன.

செடி வெளியிடும் ஆக்ஸிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்தா?

தண்ணீரிலிருந்து. கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது என்று நீண்டகாலம் நம்பினார்கள். 1941-இல் ரூபன், கேமன் ஆகியோர் கனமான ஆக்ஸிஜன்-18 அணுவைத் தண்ணீரில் அடையாளமாக வைத்து, அது வெளிவரும் ஆக்ஸிஜனில் தென்படுவதைக் காட்டினார்கள்.

பச்சையம் உறிஞ்சிய ஒளியைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ஒரு வகையில் முடியும். நான்கைந்து முருங்கை இலை அல்லது பசலைக்கீரை இலைகளை அம்மியில் நசுக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் கரும்பச்சை நீர் கிடைக்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத இருட்டறையில், கள்ளநோட்டுப் பார்க்கப் பயன்படும் ஊதா டார்ச் விளக்கை அதன் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பச்சை நீர் மாதுளம்பழச் சாறு போலச் சிவந்து ஒளிரும். இலைக்குள் இருந்தபோது வினைமையத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றல், இப்போது கொடுப்பதற்கு ஆளில்லாததால் சிவப்பு ஒளியாகத் திரும்பி வருகிறது. டார்ச்சின் கதிரைக் கண்ணில் படவிடாமலும், ஸ்பிரிட் தீப்பற்றும் என்பதை மறவாமலும், பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்ய வேண்டும்.

சர்க்கரை எப்படி உருவாகிறது? மண்ணிலிருந்து வருவது எவ்வளவு?

உடம்பின் எடையில் மண்ணிலிருந்து வருவது மிகக் குறைவு. 1648-இல் வெளியான வான் ஹெல்மான்ட்டின் சோதனைக் குறிப்பு இதைச் சொல்கிறது. 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டே அவுன்சு. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது. 1779-இல் இங்கன்ஹவுஸ், செடியின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன என்று காட்டிய பிறகே இந்த வழி திறந்தது.

ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் தரும் ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியே வந்த கரியமில வாயுவைப் பசுங்கணிகம் சர்க்கரையாகக் கோக்கிறது. கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவை வைத்து இந்தச் சுழற்சியின் படிகளைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் முதல் வேலையைச் செய்யும் ரூபிஸ்கோ என்னும் நொதி மிகவும் மெதுவானது. நொடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே பிடிக்கும். கரியமில வாயுவுக்குப் பதிலாகச் சில வேளைகளில் ஆக்ஸிஜனையும் தவறாகப் பிடித்துவிடும். வெயிலும் வறட்சியும் ஏறும்போது அந்தத் தவறு கூடுகிறது. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் இந்த இழப்பு உண்டு. கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியவை கரியமில வாயுவை முன்கூட்டியே செறிவாக்கி ரூபிஸ்கோவிடம் கொடுக்கும் வேறொரு வழியைக் கைக்கொள்வதால் இழப்பைத் தவிர்த்துவிடுகின்றன. நம் மேட்டாங்காடுகளில் மானாவாரியாகக் கம்பும் சோளமும் தாக்குப்பிடித்ததற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

முளைப்பாரி ஏன் வெளிர்மஞ்சளாக இருக்கிறது?

இதுவே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவை ஒட்டி ஓர் ஆண்டு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "ஐயா, வெயிலே படாத முளை எப்படி இவ்வளவு உயரமாக வளர்ந்தது?" என்று கேட்டாள். செடிக்கு ஒளி வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தவள் கேட்ட நியாயமான கேள்வி அது.

ஓட்டிலோ சட்டியிலோ எருவும் மண்ணும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிக்கிறார்கள். முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. மண்ணுக்கு அடியில் சிக்கிக்கொண்டதாகவே அந்த முளை நினைத்துக்கொள்கிறது. அதனால் இலையை விரிப்பதில் உணவைச் செலவிடாமல், வெளிச்சத்தை எட்டிவிடும் நோக்கில் தண்டை நீட்டுவதிலேயே எல்லாவற்றையும் செலவிடுகிறது. நுனி கொக்கி போல வளைந்திருப்பதும், இலைகள் மடங்கிச் சிறுத்திருப்பதும் அதனால்தான். பூக்கும் செடிகளில் பச்சையம் உருவாகும் வழியில் கடைசிக்குச் சற்று முந்திய ஒரு படி ஒளி இல்லாமல் நடக்காது. அந்தப் படிக்கு முந்திய பொருள் சிறிதளவு சேர்ந்து, ஒளிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் மட்டும் மஞ்சளாகத் தெரியும்.

முளைப்பாரியைத் தலையில் வைத்து ஊர்வலம் புறப்படும்போது நுனிகளை உற்றுப் பாருங்கள். எலுமிச்சை நிறத்தில் இருக்கும். வெயிலில் சில மணி நேரம் சுற்றி, கரைப்பதற்காக ஊருணிக் கரையில் இறக்கி வைக்கும்போது மறுபடி பாருங்கள். இலை மடிப்பின் ஓரங்களில் மெல்லிய பச்சை ஏறியிருக்கும். அந்தச் சிறுமிக்கு நான் இப்படித்தான் காட்டினேன்.

மாந்தளிர் சிவப்பாக இருக்கிறதே, அதில் ஒளிச்சேர்க்கை நடக்காதா?

நடக்கும்; தொடக்கத்தில் குறைவாக. மா, அரசு, வேம்பு ஆகியவற்றின் தளிர்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி மேலே நிற்பதால், உள்ளே மெல்ல உருவாகிவரும் பச்சையம் மறைந்திருக்கிறது. கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காக்கும் திரையாக அந்த நிறமி உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இலை முற்ற முற்றச் சிவப்பு கரைந்து பச்சை தெளிகிறது.

கவுனி அரிசியின் கருநிறமும் ஆந்தோசயனினே. தண்டுக்கீரையின் சிவப்பையும் காகிதப்பூவின் ஊதாவையும் அதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அவை பீட்டலெயின் என்ற வேறு வகை நிறமிகள். இவ்விரண்டு வகைகளும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை.

கீரையில் புளி சேர்த்தால் பச்சை ஏன் மங்கிவிடுகிறது?

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது. நம் இரத்தத்தின் சிவப்பு நிறமியிலும் ஏறத்தாழ இதே வளைய அமைப்புதான்; நடுவில் மக்னீசியத்துக்குப் பதிலாக இரும்பு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேரும்போது மக்னீசியம் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிறம் பாசிப் பழுப்பாகிவிடுகிறது. மூடிபோட்டு வேகவைத்தால் இலையிலிருந்தே கிளம்பும் ஆவியாகும் அமிலங்கள் வெளியேற வழியில்லாமல் போவதால், புளி சேர்க்காதபோதும் இதே விளைவு ஏற்படும். கீரையைத் திறந்த சட்டியில் வேகவைத்து, புளியைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று அப்பத்தாமார்கள் சொன்னதன் வேதியியல் இதுவே. சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும்; ஆனால் உயிர்ச்சத்துகள் அழியும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை.

கொதிநீரில் இட்ட முதல் நிமிடத்தில் கீரை முன்னைவிடப் பளிச்சென்று தெரிவது வேறு காரணத்தால். செல்களுக்கு இடையிலிருந்த காற்று வெளியேறி, ஒளியைச் சிதறடிப்பது குறைவதால் நிறம் ஆழமாகத் தெரிகிறது.

அரச மரம் இரவிலும் ஆக்ஸிஜன் தருகிறது என்கிறார்களே?

இல்லை. ஒளி இல்லாமல் தண்ணீர் பிளப்பது எந்த மரத்திலும் நடக்காது. ஆகவே இரவில் எந்த மரமும் ஆக்ஸிஜனை வெளியிடுவதில்லை. நம்மைப் போலவே மரமும் இரவிலும் பகலிலும் சுவாசித்துக் கரியமில வாயுவை விடுகிறது. புளிய மரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வதும் பொருந்தாது. திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து போய்விடும். படுக்கையறையில் இரண்டு தொட்டிச் செடி வைப்பதால் தீங்கு இல்லை. உடன் படுத்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடுவதைவிட அவை விடுவது மிகமிகக் குறைவு.

கள்ளியும் கற்றாழையும் இந்த வெயிலில் எப்படித் தாங்குகின்றன?

அவை பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு, ஈரம் அதிகம் போகாத இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. வாங்கியதை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சம் வந்ததும் உள்ளேயே பிரித்துச் சர்க்கரை ஆக்குகின்றன. ஆக்ஸிஜன் உண்டாவது இவற்றிலும் பகலில்தான்.

இந்த அறிவின் தொடக்கத்தில் நம் தென்னாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கவனித்து, 1813-இல் இலண்டனுக்குக் கடிதம் எழுதினார். "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று பிள்ளைகள் புத்தகத்தில் வைத்து விளையாடும் அதே செடிதான். அந்த இலையில் நச்சுப் பொருள்கள் உண்டு என்பதால் மெல்ல வேண்டாம். விடியலில் ஓர் இலையும் மாலையில் ஓர் இலையும் நசுக்கி, நீல லிட்மஸ் தாளில் ஒற்றிப் பாருங்கள். விடியல் இலையில் தாள் நன்றாகச் சிவக்கும்.

வெயில் அதிகமாக இருந்தால் செடி அதிகமாக உணவு தயாரிக்குமா?

ஓர் அளவு வரைதான். நெல், கடலை போன்ற பயிர்களின் இலை முழு வெயிலின் கால்பங்கு முதல் பாதி வரையிலான ஒளியிலேயே பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகிறது. மிஞ்சிய ஒளி இலையைச் சிதைத்துவிடாமல் இருக்க, கரோட்டினாய்டு நிறமிகள் அதை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகின்றன. பசுங்கணிகங்கள் ஒளிக்கு முகம் காட்டாமல் செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கிக்கொள்கின்றன. நம் பக்கத்துத் தைலமரக் காடுகளில் இலைகள் செங்குத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உச்சிவெயிலில் கத்தி முனையைக் காட்டுவது போல ஓரத்தை மட்டும் காட்டி அவை தப்பிக்கின்றன. அந்தத் தோப்பில் நிழல் இல்லை என்று நாம் குறைபடுவதும் அதனால்தான்.

இலை உறிஞ்சும் ஒளி மிகுதி என்றாலும் பயிரில் சேமிப்பாவது குறைவு. கொள்கையளவில் நெல் போன்றவை சூரிய ஆற்றலில் 4.6 விழுக்காடும், கம்பு போன்றவை 6 விழுக்காடும் உடம்பாக்க முடியும். வயலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது.

எல்லா ஒளியையும் விழுங்கும் கறுப்பு இலை ஏன் உருவாகவில்லை?

இதற்கு அறிவியல் உலகில் ஒருமித்த விடை இன்னும் எட்டப்படவில்லை. கிடைக்கும் அளவைக் கூட்டுவதைவிட, மேகமும் நிழலும் மாறி மாறி வரும்போது ஏற்படும் ஏற்றத்தாழ்வைச் சமாளிப்பதே இலைக்கு முக்கியம் என்றும், அதற்கு நிறமாலையின் நடுப்பகுதியைத் தளர்வாக விட்டு இரு பக்கச் சரிவுகளில் ஒளியைப் பிடிப்பதே சிறந்த வழி என்றும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. மேலே சொன்ன வெயில் கணக்கோடு இது இசைந்து வருவதால், எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாக இருக்கிறது.

தொட்டிச் செடியின் இலை மஞ்சளாகிறது; வெளிச்சம் போதவில்லையா?

எப்போதும் அப்படி இல்லை. அடியிலை நரம்புகளுக்கு இடையே மஞ்சளானால் மக்னீசியக் குறை. கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. செடி மக்னீசியத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்க முடியும், இரும்பை அவ்வாறு எளிதில் நகர்த்த முடியாது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். வேர் அழுகும்படி தண்ணீர் ஊற்றினாலும் இலை மஞ்சளாகும். நான் பார்த்த தொட்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் அதுதான்.

ஊருணித் தண்ணீர் பச்சையாகிவிட்டால் அது நல்லதா?

படித்துறையில் ஓரமாகத் தெரியும் வேலம்பாசியும் தாமரையும் இயல்பானவை. வெயில் ஏறியதும் பாசி இலைகளின் மேல் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒட்டியிருப்பதும், அவை ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே வருவதும் ஆக்ஸிஜனே. தண்ணீர் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்தது போல ஆகிவிட்டால், சாக்கடை நீரோ உரமோ கலந்து நுண்பாசிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன என்று பொருள். அதில் நச்சுத் தரும் நீலப்பச்சைப் பாசிகளும் இருக்கக்கூடும் என்பதால் குடிக்கவும் குளிக்கவும் மாடுகளுக்குக் காட்டவும் கூடாது. பகலில் அந்தப் பாசி ஆக்ஸிஜனை வெளியிட்டாலும், இரவு முழுவதும் பாசியும் மற்ற உயிர்களும் சேர்ந்து சுவாசித்து அதைத் தீர்த்துவிடுகின்றன. விடியலுக்குச் சற்று முன்னே நீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துபோகும். அந்த நேரத்தில் படித்துறைக்குப் போனால், மீன்கள் மேலே வந்து நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். வெயில் ஏறிப் பாசி மறுபடி வேலையைத் தொடங்கிய பிறகே அவை கீழே இறங்கும். அப்படி மீன் மேலே வருவது இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், ஊருணிக்குள் கழிவுநீர் எந்த வழியாக இறங்குகிறது என்று வரத்துக்கால் நெடுகப் போய்ப் பார்த்து, அதை அடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.